ஒன்லைன்ல தானே இருக்கிறான்

கடந்த செமஸ்டர் சோதனைக்கு முதல் கிழமை, வரவு போதாதவர்களின் பட்டியலை அறிவித்தல் பலகையில் ஒட்டினார்கள். எங்களுக்காக நாங்கள் அதைப் பார்க்கப் போகவில்லை. யார் யார் மாட்டுப்பட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, போட்டோ எடுத்துக் குறூப்பில் போட்டுப் பகிடி பண்ணலாம் என்றுதான் போனோம். அங்கே எங்கட அறைக்காரன் ஒருத்தனின் பதிவிலக்கம் மூன்று பாடங்களுக்குக் கீழேயும் இருந்தது.

80 சதவீத வரவு இல்லாவிட்டால் சோதனை எழுத ஏலாது, அடுத்த பட்ஜோடு சேர்ந்துதான் எழுத வேண்டும். முதலாம் வருடத்தில் வந்த கிழமையே எல்லாருக்கும் சொல்லித் தரப்பட்ட விதி இது. எங்களுக்கு விளங்காமல் போனது வேறு விசயம். நாங்கள் நாலு பேரும் ஒரே அறையில் படுக்கிறோம். அவன்ர பாய்க்கும் பக்கத்துப் பாய்க்கும் இடையில் ஒரு முழம் கூட இல்லை. அப்படியிருக்க, ஒருத்தன் ஒன்றரை மாதமாகக் கம்பஸுக்கு ஒழுங்காகப் போகவில்லை என்பதை மற்ற மூன்று பேரும் எப்படிக் காணாமல் விட்டோம்?

பட்டியலைப் பார்த்த உடனே எங்களில் ஒருத்தன் செய்த முதல் வேலை, வட்ஸ்அப்பைத் திறந்து அவன் கடைசியாக எப்ப ஒன்லைன் வந்தவன் என்று பார்த்ததுதான். விடிய 4.52. "ஆள் உயிரோட தான் இருக்கிறான்" என்று சொல்லிச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைக்க இப்பவும் ஒரு மாதிரி இருக்கிறது.

இதை அவன்ர அனுமதியோடுதான் எழுதுகிறோம். பெயர் போடவில்லை. எழுதியதை முதலில் வாசித்தவனும் அவன்தான்.

எங்கட போடிங் திருநெல்வேலியில். ஒருத்தன் முல்லைத்தீவு, ஒருத்தன் மன்னார், ஒருத்தன் கிளிநொச்சி. அவன் ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். கலைப்பீடம் என்பதால் ஆளுக்கொரு பாடச் சேர்க்கை, ஆளுக்கொரு நேரசூசி. காலையில் நாங்கள் வெளிக்கிடேக்க அவன் போர்த்துக்கொண்டு படுத்திருப்பான். பத்து மணிக்குத்தான் அவனுக்கு லெக்சர் எண்டு நினைப்போம். பின்னேரம் வரேக்க சுவரில் சாய்ந்து போன் பார்த்துக்கொண்டிருப்பான். போட்டு வந்திட்டான் எண்டு நினைப்போம். பொதுவான ஒரு பாடத்துக்கு அவனுக்காக இரண்டு தரம் நாங்களே கையெழுத்தும் போட்டிருக்கிறோம். அது உதவி எண்டுதான் அப்ப நினைத்தோம்.

பட்ஜ் குறூப்பில் அவனைப் போல உசாரான ஆள் வேறு இல்லை. யாருக்காவது பிறந்தநாள் என்றால் பன்னிரண்டு மணிக்கு முதல் வாழ்த்து அவனுடையது. மீம்ஸ் போடுவதும் அவன், யாரோ தொலைத்த நோட்ஸைத் தேடி பிடிஎஃப் ஆக அனுப்புவதும் அவன். இடையில் ஒருநாள் அவனுடைய அம்மா எங்களில் ஒருத்தனுக்குக் கோல் எடுத்தவ. "தம்பி, அவன் நல்லா சாப்புடுறானா? பேசுனா ரெண்டு வார்த்தைல வச்சிர்றான்" என்று கேட்டவ. "ஓம் அம்மா, நல்லா இருக்கிறான், யோசிக்காதேங்கோ" என்று சொன்னோம். பொய் சொல்லவில்லை. அவன் நல்லா இருக்கிறான் என்றுதான் நம்பினோம். எந்த நேரமும் ஒன்லைனில் தானே இருக்கிறான்.

அவனை மட்டும் சொல்ல எங்களுக்குத் தகுதியில்லை. எங்கட அறையின் இரவு எப்படிப் போகும் என்றும் சொல்ல வேண்டும்.

நாலு பேரும் காசு போட்டு ஒரு ரவுட்டர் வைத்திருக்கிறோம். பக்கேஜில் பெரிய பங்கு டேட்டா நள்ளிரவு 12 மணிக்குப் பிறகுதான் வேலை செய்யும். பகல் டேட்டா மாத நடுவிலேயே முடிந்துவிடும். ஆகவே மாதத்தின் மிச்ச நாட்களில் எங்கட நாள் தொடங்குவதே 12 மணிக்குத்தான். முதலில் அசைன்மென்டுக்கு ஏதாவது டவுன்லோட் பண்ணுவது என்று ஆரம்பிக்கும். பிறகு ஒரு படம். பிறகு ரீல்ஸ். லைட்டை நிற்பாட்டினால் நாலு மூலையில் நாலு வெளிச்சம். ஒருத்தன் சிரித்தால் மற்றவன் "என்னடா" என்று கேட்க மாட்டான், "அனுப்பு" என்பான். பக்கத்துப் பாயில் படுத்திருப்பவனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிச் சிரிக்கிற ஆக்கள் நாங்கள்.

எங்கட பட்ஜுக்கும் போனுக்கும் உள்ள சொந்தம் எப்படித் தொடங்கியது என்று ஒருநாள் கதைத்துப் பார்த்தோம். நாங்கள் 2019 டிசம்பரில் ஓஎல் எழுதின ஆக்கள். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அதுவரைக்கும் "படிக்கிற பிள்ளைக்கு என்னத்துக்குப் போன்" என்று கேட்ட வீடுகள், ஏஎல் வகுப்பு சூமில் தொடங்கினதும் எங்கேயாவது கடன்பட்டு ஒரு போன் வாங்கித் தந்தன. கிளிநொச்சிக்காரனுக்கு அக்காவின் தோட்டை அடகு வைத்து வாங்கினது. ஹட்டன்காரனுக்கு அம்மாவின் சீட்டுக் காசு. தோட்டத்தில் லயத்துக்குள் சிக்னல் இல்லை, மேட்டில் இருக்கிற கோயிலடிக்கு ஏறிப் போய் வகுப்புக் கேட்டவனாம். போனைக் கையில் வைத்திருந்தால் படிக்கிறான் என்று வீடு நம்பிய காலம் அது. நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

அதற்குப் பிறகு வந்தது காத்திருப்பு. 2022 இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லை. 2022 ஆம் ஆண்டுக்குரிய ஏஎல் சோதனையை 2023 தொடக்கத்தில்தான் எழுதினோம். பெறுபேறு, வெட்டுப்புள்ளி, பதிவு எல்லாம் முடிந்து கம்பஸுக்குள் காலடி வைக்க ஒரு வருடத்துக்கு மேலே போனது. பதினாறு வயதிலிருந்து இருபது வயது வரைக்கும் ஒருவருக்குத் தேவையான சினேகிதம், சண்டை, காதல், கோபம் எல்லாவற்றையும் அந்த ஐந்து, ஆறு அங்குலத்துக்குள்தான் பழகினோம். இருபது பேருக்கு முன்னால் எழும்பி நின்று கதைக்கப் பழகவில்லை. ஒருத்தனோடு மனஸ்தாபம் வந்தால் முகத்தைப் பார்த்துச் சரிசெய்யப் பழகவில்லை. மியூட் பண்ணப் பழகினோம்.

'இணைய அடிமைத்தனம்' என்ற சொல்லின் கதை கொஞ்சம் வேடிக்கையானது. 1995 இல் ஐவன் கோல்ட்பேர்க் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், எல்லாவற்றையும் நோய் என்று பெயரிடுகிற பழக்கத்தை நக்கலடிக்க இப்படியொரு நோயைப் பகிடிக்கு எழுதினார். பகிடியை ஆக்கள் உண்மையாக எடுத்துக்கொண்டார்கள், எனக்கும் அது இருக்கிறது என்று. 1998 இல் கிம்பர்லி யங் என்ற உளவியலாளர் 20 கேள்விகளோடு ஒரு சோதனையே கொண்டுவந்தார். இன்றைக்கும் உலகம் முழுக்க மாணவர்களிடம் ஆய்வு செய்கிறவர்கள் அதைப் பாவிக்கிறார்கள். 2022 இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், கட்டுப்பாடு இழந்து கேம் விளையாடுவது ஒரு நோய்நிலையாக இருக்கிறது. பொதுவான 'இணைய அடிமைத்தனம்' அந்தப் பட்டியலில் இல்லை. எவ்வளவு நேரம் பார்த்தால் நோய் என்று சொல்ல ஒரு கோடு கிடையாது. கேம் விசயத்தில் கூட அவர்கள் மணித்தியாலத்தை எண்ணவில்லை. நிற்பாட்ட நினைத்தும் முடியாமல் போகிறதா, அதனால் படிப்பு, நித்திரை, உறவு எல்லாம் குழம்பியும் தொடர்கிறதா என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

இதை வைத்து, பிழை முழுக்க எங்களில் இல்லை என்று தப்பவும் வரவில்லை, முழுக்க எங்களில்தான் என்று ஒப்புக்கொள்ளவும் வரவில்லை. எங்களில் உளவியல் படிக்கிறவன் ஸ்கின்னரின் புறாக்களைப் பற்றிச் சொல்வான். கொத்துகிற ஒவ்வொரு தடவையும் தீன் கிடைத்தால் புறா பசி தீர்ந்ததும் விட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாவிட்டால் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும். ரீல்ஸைத் தள்ளுகிற எங்கட பெருவிரலும் அதே வேலையைத்தான் செய்கிறது. முன்பு ஒரு பக்கம் முடிந்தால் அடுத்த பக்கத்துக்கு அழுத்த வேண்டும், அந்த ஒரு செக்கனில் 'காணும்' என்று நினைக்க இடமிருந்தது. 2006 இல் அஸா ரஸ்கின் என்ற வடிவமைப்பாளர் முடிவே இல்லாமல் கீழே போகிற திரையை உருவாக்கினார். பிற்காலத்தில் அதற்காக அவரே பகிரங்கமாக வருத்தப்பட்டார். எங்களைப் பிடித்து வைத்திருக்கச் சம்பளம் வாங்குகிற ஆக்கள் அந்தப் பக்கம் இருக்கிறார்கள். இந்தப் பக்கம் நித்திரை வராத ஒரு பெடியன்.

பட்டியல் ஒட்டின அன்றிரவு அவனோடு எப்படிக் கதைப்பது என்று தெரியவில்லை. எங்களுக்குத் தெரிந்த ஒரே வழியில்தான் தொடங்கினோம். பகிடியாக. அந்த 20 கேள்விகளையும் போனில் எடுத்து, "வாங்கோடா, ஆருக்குக் கூட முத்தியிருக்குது எண்டு பாப்பம்" என்று ஒருத்தன் வாசித்தான். நினைத்ததை விடக் கூட நேரம் ஒன்லைனில் இருக்கிறாயா என்றதுக்கு நாலு பேரும் கை தூக்கினோம். நித்திரை முழிக்கிறாயா என்றதுக்கும் அப்படித்தான். சிரிப்பாகத்தான் போனது. நடுவில் ஒரு கேள்வி வந்தது. உன்ர வாழ்க்கையைப் பற்றி மனதைக் குழப்புகிற யோசனைகள் வரும்போது, அதை மறைக்க இணையத்தை நினைக்கிறாயா என்ற கருத்தில்.

அவன் எழும்பி வெளியே போனான்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நாங்களும் போனோம். கிணற்றுக்கட்டில் இருந்தான். போன் அறைக்குள் கிடந்தது. பத்து நிமிடம் மட்டில் ஒருத்தரும் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு அவன் கதைத்தான். அவன் சொன்னதை அவன் சொன்ன மாதிரியே போடுகிறோம்:

"வந்த புதுசுல நான் எது பேசினாலும் நீங்க மொதல்ல சிரிப்பீங்க. அப்பறம் தான் என்ன சொன்னேன்னு கேப்பீங்க. கிளாஸ்ல பிரசென்டேசன் அன்னைக்கும் பின்னால யாரோ என்னய மாதிரி பேசிக் காட்டுனாங்க. நீங்க கெட்ட எண்ணத்துல செய்யலன்னு தெரியும். ஆனா அதுக்கப்பறம் வாயத் தொறக்கவே யோசனையா இருக்கும். போன்ல டைப் பண்ணினா அந்தப் பிரச்சன இல்ல. எழுத்துல எந்த ஊருன்னு தெரியாதுல்ல."

அதற்குப் பிறகு ரியூட்டோரியல் வகுப்புகளுக்குப் போகாமல் விட்டிருக்கிறான், அங்கேதான் வாய் திறக்க வேண்டும். பிறகு லெக்சருக்கும் போக மனம் வரவில்லை. போகாத நாள் கூடக் கூட, போனால் எல்லாரும் பார்ப்பார்கள் என்ற கூச்சமும் கூடியது. இரவில் அதை நினைத்தால் நித்திரை வராது. நித்திரை வராததால் போன், போனால் விடிய நித்திரை, அதனால் இன்னொரு நாள் போகாமல் விடுகிறது. வீட்டில் அம்மா கொழுந்து பறித்து அனுப்புகிற காசை நினைத்தால் மூச்சு அடைக்குமாம். அதை நினைக்காமல் இருக்கவும் ஒரே இடம் போன்தான்.

ஹட்டன் தமிழைப் பழித்துக் காட்டுவது எங்கட அறையில் முதல் நாளிலிருந்தே ஒரு விளையாட்டு. மன்னார்க்காரன்ர கதையையும் முல்லைத்தீவுக்காரன்ர கதையையும் கூட நாங்கள் பகிடி பண்ணுவோம், அதனால் எல்லாம் ஒன்றுதான் எண்டு நினைத்தோம். ஒன்றில்லை. நாங்கள் மூன்று பேரும் வாய் திறந்தால் எங்கட பக்கம் சிரிக்காமல் கேட்க வகுப்பு நிறைய ஆக்கள் இருந்தார்கள். அவனுக்கு அந்த வகுப்பில் அப்படி ஒருத்தரும் இருக்கவில்லை. மலையகத்திலிருந்து வடக்குக்குப் படிக்க வருகிற பிள்ளை எத்தனை தரம் தன்னை விளக்க வேண்டியிருக்கும் என்று நாங்கள் ஒருநாளும் யோசிக்கவில்லை.

அன்றிரவு மற்றவர்களும் கதைத்தோம். ஒருத்தன் பிரிந்து போன பிள்ளையின் ஸ்டேட்டஸை வேறொரு கணக்கிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான், எட்டு மாதமாக. இன்னொருத்தனுக்கு இந்தப் பட்டத்தை வைத்து என்ன வேலை கிடைக்கும் என்ற பயம். வேலையற்ற பட்டதாரிகளின் போராட்டம் பற்றி ஏதாவது கண்ணில் பட்டால் உடனே கிரிக்கெட் வீடியோவுக்குப் போய்விடுவான். மற்றவனின் வீட்டில் அப்பா குடிக்கிறார், அம்மாவின் கோல் வந்தால் கையில் போன் இருந்தும் எடுக்காமல், அது அடித்து ஓயும்வரை பார்த்துக்கொண்டிருப்பான். எங்களில் ஒருத்தனும் போன் பிடித்ததால் மட்டும் போனுக்குள் போகவில்லை. வெளியே இருந்த ஏதோ ஒன்றிலிருந்து தப்பிப் போனோம். உள்ளே போனவுடன், வெளியே வரவிடாமல் பிடித்து வைக்கிற வேலையை அது கெட்டித்தனமாகச் செய்தது.

இதைப் பட்ஜ் பிள்ளை ஒருத்திக்குச் சொன்னபோது அவ வேறொரு விசயம் சொன்னா. "உங்களுக்கு இரவு பத்து மணிக்கு ரோட்டுக்குப் போய் ரீ குடிக்கலாம். எங்களுக்கு ஆறரைக்குப் பிறகு அறையும் போனும் தான். எங்களைப் பார்த்து அடிக்சன் எண்டு சொல்ல முதல், வேற என்ன இருக்கு எண்டும் கேளுங்கோ." இதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.

பிறகு என்ன செய்தோம் என்று சொல்லாவிட்டால் இது பாதிக் கதை. முதலில் பெரியாக்கள் சொல்கிற வழியில் போனோம். 12 மணிக்கு ரவுட்டரை நிற்பாட்டுவது என்று சட்டம் போட்டோம். ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் ஆளாளுக்குச் சொந்த டேட்டா போட்டுப் போர்வைக்குள் பார்த்தோம். டிக்டொக்கை டிலீற் பண்ணினவன் யூடியூப் சோர்ட்ஸில் இருந்தான்.

நின்று பிடித்தது சின்னச் சின்ன விசயங்கள்தான். இரவுச் சாப்பாடு சேர்ந்து சமைக்கிறது என்று முடிவெடுத்தோம். ஆளுக்கொரு நாள், மற்றவர்கள் வெங்காயம் உரிக்க வேண்டும். உரிக்கிற கையால் போன் தொட ஏலாது. ஹட்டன்காரன் ரொட்டியும் கட்டச் சம்பலும் செய்த நாளில் போடிங் அன்ரியும் வந்து இரண்டு ரொட்டி வாங்கிக்கொண்டு போனவ. காலையில் கடைசியாக வெளிக்கிடுகிறவன் அவனை எழுப்பிக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். கதையைப் பழித்துக் காட்டுவதை நிற்பாட்டினோம். இது சொல்லுகிற அளவுக்கு லேசாக இருக்கவில்லை, வாய் பழகிவிட்டது. முதல் மாதம் இரண்டு மூன்று தரம் வந்துவிட்டது, வந்த உடனே மன்னிப்புக் கேட்டோம். மாணவர் ஆலோசகராக இருக்கிற விரிவுரையாளர் ஒருவரிடம் அவனைக் கூட்டிக்கொண்டு போனோம். அவர் புத்தி சொல்லாமல் முக்கால் மணித்தியாலம் கேட்டுக்கொண்டிருந்தார். அவன் இப்பவும் அவரிடம் போகிறான்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிக்க ஏலாது. தவறவிட்ட பாடங்களை அவன் அடுத்த பட்ஜோடுதான் எழுதப் போகிறான். அதை அம்மாவுக்குச் சொல்ல அவனுக்கு ஒரு மாதம் எடுத்தது, சொன்ன அன்று நாங்கள் பக்கத்தில் இருந்தோம். அவ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஒடம்பு நல்லா இருக்குல்ல, அது போதும்" என்று சொன்னவ. எங்கட ஸ்கிறீன் நேரம் நாலு பேருக்கும் இன்னும் வெட்கப்படுகிற அளவில்தான் இருக்கிறது. சில இரவுகளில் இரண்டு மணிக்கும் அவன்ர மூலையில் வெளிச்சம் தெரியும். முன்பு என்றால் ஒரு மீம் அனுப்பியிருப்போம். இப்ப எழும்பி, "நித்திரை வரேல்லையா மச்சான், பிளேன்ரீ போடவா?" என்று கேட்கிறோம். சில நாள் "வேணாம்டா" என்பான். சில நாள் எழும்பி வருவான்.

இதை வாசிக்கிற நீங்களும் அநேகமாகப் போனில்தான் வாசிக்கிறீர்கள். வாசித்து முடித்ததும் யாருக்காவது இதை அனுப்ப நினைத்தால், அனுப்ப முதல் ஒன்று. உங்கட அறையில், ஹொஸ்டலில், பட்ஜில் எந்த நேரமும் ஒன்லைனில் இருக்கிற, எல்லாருக்கும் முதலில் ரிப்ளை பண்ணுகிற ஒருத்தர் இருப்பார். அவரை நீங்கள் கடைசியாக நேரில் கண்டு கதைத்தது எப்ப? ஞாபகம் வரவில்லை என்றால் அறைக் கதவைத் தட்டுங்கோ. உங்களுக்கே இரவுகள் தாங்க முடியாமல் இருந்தால், பக்கத்தில் ஒருத்தரும் இல்லை என்றால், 1926 என்ற இலக்கம் இருக்கிறது. தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம் அது. தமிழிலும் கதைக்கலாம்.

எந்த ஊர்த் தமிழிலும் கதைக்கலாம் என்றும் போடச் சொன்னான், எங்கட அறைக்காரன்.